கடைசிப் பேருந்துக்கு முன்னால்

எங்களுக்குப் பின்னால் ஒரு பேருந்து வரும் என்பதைத் தவிர அந்த ஓட்டத்தில் வேறு எதற்கும் அம்மா பயப்படவில்லை.

லிட்டில் இந்தியாவில் ஆண்டுதோறும் ஜூலையில் நடக்கும் பத்து கிலோமீட்டர் ஓட்டம் அது. காலை ஆறேகாலுக்கு ரேஸ் கோர்ஸ் சாலைத் திடலில் தொடங்கும். லாவெண்டர் ஸ்திரீட் வழியாகக் காலாங் வரை போய், ஆற்றோரமாகச் சுற்றிவந்து, சிராங்கூன் சாலையில் ஏறி, தேக்கா சந்தைக்கு எதிரே முடியும். ஏழே முக்காலுக்குச் சாலைகளைத் திறந்துவிடவேண்டும். அதனால் ஓடுகிறவர்களின் வால்நுனியில் ஒரு பேருந்து மெதுவாக வந்துகொண்டிருக்கும். அதற்கும் பின்தங்கியவர்கள் அதில் ஏறிவிடவேண்டும். ஏறியவர்களுக்குப் பதக்கம் கிடையாது. குடும்பப் பிரிவில் ஒருவர் ஏறினால் மற்றவரும் ஏறியாகவேண்டும்.

ஐந்து ஆண்டுகளாக அந்தப் பேருந்தை ஓட்டியவர் அம்மாதான். அவர் பத்தொன்பது ஆண்டுகளாக பஸ் கேப்டன்; எங்கள் ஊரில் பேருந்து ஓட்டுநரை அப்படித்தான் சொல்வோம். மற்ற நாள்களில் அவருடைய தடம் சிராங்கூன் சாலை வழியாகத்தான் போகும். ஓட்டம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் அதே சாலையில், மனிதர்கள் நடக்கும் வேகத்தில், கதவைத் திறந்து மூடிக்கொண்டு வருவார்.

போன ஆண்டு முடிவுக்கோட்டுக்கு நானூறு மீட்டர் இருக்கும்போது மங்களம் என்ற ஓர் அம்மாளை ஏற்றவேண்டி வந்தது. அறுபது வயதுக்கு மேல் இருக்கும். "ரெண்டே நிமிஷம்மா, அந்தா தெரியுது பாரு, நடந்தே போயிடுறேன்" என்று கெஞ்சியிருக்கிறார். அம்மா கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தார். விதி அப்படி. ஏறிவந்த மங்களம் ஓட்டுநர் இருக்கைக்கு நேர் பின்னால் உட்கார்ந்து, எண் அட்டையைக் கழற்றி நான்காக மடித்துக்கொண்டே சொன்னாராம்: "உனக்கென்னம்மா. நீ உக்காந்துட்டே வர்ற."

கோபமாகச் சொல்லியிருந்தால் அம்மா மறந்திருப்பார். மெதுவாகச் சொன்னதுதான் பிரச்சினை. அந்தப் பேச்சு எங்கள் ஈசூன் வீட்டில் ஓர் ஆண்டு எங்களோடு குடியிருந்தது. துணி காயப்போடும்போது, மீன் கழுவும்போது, திடீரென்று, "உக்காந்துட்டே வர்றேனாம்" என்பார். மார்ச் மாதத்தில் ஒருநாள் என் அறைக் கதவில் சாய்ந்து நின்றார்.

"நிவி, இந்த ஜூலைல நான் ஓடப்போறேன். குடும்பப் பிரிவுல பேர் குடுக்கணும். நீயும் வா."

"அம்மா, நான் புத்தகம் படிக்கிற ஆளு."

"அதான் சொல்றேன். நீயும் உக்காந்துட்டே இருக்க."

அவர் சொன்னதில் தவறில்லை. எனக்கு இருபது வயது. மொழிபெயர்ப்பு நாவல்களில் வரும் ஊர்களில்தான் நான் பாதி நாள் வாழ்ந்துகொண்டிருந்தேன். பனி பெய்யும் நகரங்கள், நீராவி ரயில்கள், உறைந்த ஆற்றின் மேல் பாலங்கள். அந்தப் பாலங்களின் பெயர்களை வரிசையாகச் சொல்வேன். எம்ஆர்டி ரயிலில் படித்துக்கொண்டே போய் பாசிர் ரிஸ் கடைசி நிலையம் வரை போனவள் நான். சிராங்கூன் சாலையில் எந்தத் தெரு எதற்கு அடுத்தது என்று யாராவது கேட்டால் விழிப்பேன்.

அம்மாவுக்குப் பகலோடு வேலை முடியும் நாள்களில் ஈசூன் குளத்தைச் சுற்றி ஓடிப் பழகினோம். முதல் வாரம் இரண்டு பேருமே பாதியில் உட்கார்ந்துவிட்டோம். ஜூன் கடைசியில் பத்து கிலோமீட்டரை எண்பத்துமூன்று நிமிடத்தில் முடித்தோம். அனுமதித்த தொண்ணூறு நிமிடத்தில் ஏழு நிமிடம் மிச்சம். அம்மா அந்த ஏழு நிமிடத்தைப் பற்றி அக்கம்பக்கத்து வீடுகளில்கூடப் பேசினார். அந்தக் குளத்துப் பாதையில் நாரைகள் உண்டு, சைக்கிள்கள் உண்டு, ஒருமுறை ஓர் உடும்பு குறுக்கே போனது. போக்குவரத்து விளக்குகள் மட்டும் இல்லை. அதை நாங்கள் யோசிக்கவே இல்லை.

இந்த ஆண்டு பேருந்தை ஓட்டவந்தவர் அம்மாவின் டிப்போ நண்பர் ஹுசைன். ஓட்டம் தொடங்கும் முன் திடலோரத்தில் பேருந்தை நிறுத்திவிட்டு, ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டிருந்தார்.

"கண்மணிக்கா! முன்சீட்டு உங்களுக்காக வச்சிருக்கேன். ஏசி நல்லா சில்லுனு இருக்கு."

"உன் பஸ்ல என் நிழல்கூட ஏறாது, பாரு."

"பார்த்துடலாம் லா. நான் ரூல்ஸ்படிதான் வருவேன், சொல்லிட்டேன்."

"ரூல்ஸ்படி வரலைன்னாதான் உன்னைத் திட்டுவேன்" என்றார் அம்மா.

இருட்டிலேயே ஓட்டம் தொடங்கியது. ஆயிரம் பேருக்கு மேல் இருக்கும். முதல் சில நிமிடங்கள் முதுகுகளையும் காலணிகளின் சத்தத்தையும் தவிர எனக்கு எதுவும் தெரியவில்லை. லாவெண்டர் ஸ்திரீட்டின் முதல் சந்திப்பில் பக்கத்தில் அம்மாவைக் காணோம். திரும்பிப் பார்த்தேன். வெள்ளைக்கோட்டுக்கு ஓர் அடி பின்னால் அம்மா நின்றுகொண்டிருந்தார். தலைக்கு மேலே சிவப்பு விளக்கு. ஆற்று நடுவில் ஊன்றிய கம்பைப்போல அவர் நிற்க, கூட்டம் இரண்டு பக்கமும் பிரிந்து ஓடியது.

"என்னம்மா ஆச்சு? காலா?"

அம்மா விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஐயோ, பழக்கம்டி. வா வா."

நானும் சிரித்தேன். அடுத்த சந்திப்பிலும் சிவப்பு. அம்மா மறுபடி நின்றார். இந்த முறை கவனித்தேன். அவருடைய வலது கால் பிரேக்கை மிதிப்பதுபோலத் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. குதிகால் ஊன்றி, முன்பாதம் மட்டும் கீழே இறங்கி. கண்கள் இடதுபுறம் ஒருமுறை, வலதுபுறம் ஒருமுறை போய்வந்தன. அங்கே பேருந்தின் பக்கக் கண்ணாடிகள் எதுவும் இல்லை.

"அம்மா, ரோடு மூடியிருக்கு. கார் வராது. போலாம்."

"தெரியும். நான் நிக்கல நிவி. கால் நிக்குது."

கையைப் பிடித்து இழுத்தேன். நகரவில்லை. விளையாட்டில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பச்சை விழுந்ததும் சுவிட்சு போட்டதுபோல ஓடத் தொடங்கினார். மூன்றாவது சிவப்பில் அவருக்குப் பக்கத்தில் மூன்று நடுவயதுக்காரர்களும் வந்து நின்றார்கள். "இங்க நிக்கணுமா? சொல்லவே இல்லையே" என்றார் ஒருவர் மூச்சுவாங்க. "நிக்கவேணாம் அங்கிள், நீங்க போங்க" என்றேன். அவர்கள் அம்மாவைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

ஐந்தாவது கிலோமீட்டரில் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அம்மா ஊரெல்லாம் சொல்லித் திரிந்த ஏழு நிமிடத்தில் ஐந்து போய்விட்டது. காலாங் ஆற்றின் மேல் வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தால் தூரத்தில் இரண்டு முகப்பு விளக்குகள் அசையாமல் நிற்பதுபோல் வந்துகொண்டிருந்தன.

"பத்தொம்பது வருஷத்துல ஒரு சிவப்பு தாண்டுனதில்லை" என்றார் அம்மா. தற்பெருமை இல்லை, நோயாளி தன் நோயைச் சொல்வதுபோலச் சொன்னார். "அறுபது பேரை ஏத்திக்கிட்டு வர்றப்ப அதை யோசிச்சா செய்யமுடியும்? யோசிக்கவே கூடாது. காலே செய்யணும். இப்ப நான் சொன்னா அது கேட்கமாட்டேங்குது."

கொஞ்ச தூரம் ஓடினோம். பிறகு அவர் முகத்தில் ஏதோ மாறியது. நிமிர்ந்து முன்னால் பார்த்தார்.

"நிவி, சிராங்கூன் ரோட்டுல ஏறினதும் நான் சொல்ற வேகத்துக்கு வா. கேள்வி கேட்காத."

ஆற்றைத் தாண்டி சிராங்கூன் சாலையில் திரும்பியபோது சூரியன் எங்களுக்குப் பின்னால் எழுந்திருந்தது. எத்தனையோ முறை வந்த சாலை. ஒரு வண்டிகூட இல்லாமல் அதை நான் பார்த்ததில்லை. அத்தனை அகலம் அதற்கு இருந்தது எனக்குத் தெரியாது. எங்கள் நிழல்கள் மின்கம்பம் அளவுக்கு நீண்டு எங்களுக்கு முன்னால் ஓடின.

"இப்ப மெதுவா" என்றார் அம்மா. தூரத்து விளக்கு சிவப்பாக இருந்தது. "இன்னும் மெதுவா. பன்னெண்டு, பதினொண்ணு, பத்து..." அவர் எண்ணி முடிக்கும்போது நாங்கள் வெள்ளைக்கோட்டருகே இருந்தோம். பச்சை விழுந்தது. "இப்ப ஓடு! அடுத்தது முப்பத்தெட்டு செகண்ட்ல போயிடும்!"

ஓடினோம். நெஞ்சு வெடிக்கும்போல இருந்தது. பச்சை. தாண்டினோம். "இப்ப நடக்கலாம், இருபது வரைக்கும்." நடந்தோம். மறுபடி, "ஓடு!" பச்சை. பாலஸ்டியர் சந்திப்பில் நாங்கள் வருவதற்காகவே வைத்திருந்ததுபோலப் பச்சை எரிந்தது. தொண்டூழியர் ஒருவர் தண்ணீர்க் குவளையை நீட்டினார். "நிக்காத, கையில வாங்கிக்க, கையில!" என்று அம்மா கத்தினார். பாதி தண்ணீர் என் சட்டையில் கொட்டியது.

ஒரு நகரம் மூச்சுவிடும் முறை ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது என்று அன்று வரை நான் நினைத்துப் பார்த்ததில்லை. எந்த விளக்கு எதற்குப் பிறகு விழும், எது சோம்பேறி, எது அவசரக்காரன் என்று அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. விடிவதற்கு முன்னால் வீட்டைவிட்டுப் போய் மாலையில் கால் வீங்கித் திரும்பிவந்தவரிடம் நான் ஒருநாளும் எதுவும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? "ஜாம்தான்" என்றிருப்பார்.

பெருமாள் கோயில் கோபுரம் வலப்பக்கம் கடந்துபோனது. அடுத்து கிச்சனர் சாலைச் சந்திப்பு. அங்கேதான் கணக்கு உடைந்தது. நாங்கள் கோட்டுக்கு முப்பது அடி தூரத்தில் இருக்கும்போது சிவப்பு விழுந்தது.

அம்மா நின்றார்.

"இது எவ்வளவு நேரம்?"

"இதுதான் ரொம்ப நீளம். தொண்ணூறு செகண்ட்."

பின்னால் இயந்திரத்தின் உறுமல் கேட்டது. ஐம்பது மீட்டர்கூட இருக்காது. பேருந்தின் நிழல் தார்ச்சாலையில் நீண்டு எங்கள் குதிகாலை நோக்கி வந்துகொண்டிருந்தது. முன்கண்ணாடிக்குப் பின்னால் ஹுசைனின் முகம் தெரிந்தது. அவர் சிரிக்கவில்லை.

அம்மா இரண்டு கையாலும் தன் வலது தொடையைப் பிடித்துத் தூக்கப்பார்த்தார். சேற்றில் புதைந்த காலைப் பிடுங்குவதுபோல. கால் அரை அடி நகர்ந்து மீண்டும் ஊன்றிக்கொண்டது. அவர் கண்களில் நீர் நிறைந்துவிட்டது.

"நீ போ நிவி. போ லா."

"நான் போனா மட்டும் என்னம்மா? ரெண்டு பேரும் சேர்ந்துதான் முடிக்கணும்."

அம்மா தொடையை விட்டார். பிறகு கையை நீட்டினார். "புடிச்சுக்க. நான் கண்ணை மூடிக்கறேன். சிவப்பைப் பார்த்தாதானே நிக்கும்? இங்கேருந்து தேக்கா வரைக்கும் திறக்கமாட்டேன். நீ ஓட்டு."

கண்களை இறுக மூடிக்கொண்டார். நான் கையைப் பிடித்து இழுத்தேன். அவருடைய கால், அந்தப் பத்தொன்பது ஆண்டுக் கால், எழுந்து வந்தது. சிவப்பு விளக்குக்குக் கீழே நாங்கள் ஓடினோம்.

சந்திப்பைத் தாண்டியதும் பின்னால் சத்தம் வரவில்லையே என்று திரும்பிப் பார்த்தேன். பேருந்து வெள்ளைக்கோட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. தொண்டூழியர் தன் ஆரஞ்சுக் குச்சியை ஆட்டி ஆட்டி, வா வா என்று அழைத்தார். ஹுசைன் இரண்டு கையையும் சக்கரத்தில் வைத்து நேராக விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொண்ணூறு செகண்ட்.

"என்னடி?" என்றார் அம்மா.

"ஒண்ணுமில்ல. ஓடுங்க."

எங்களுக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர் இருந்தது. நான்தான் வழிநடத்துகிறேன் என்று நினைத்தேன். பத்து எட்டு வைப்பதற்குள் அது மாறிவிட்டது.

"இடது பக்கம் இரும்பு மூடி ஒண்ணு இருக்கும், மேல கால் வைக்காத, ஆடும்" என்றார் அம்மா, கண்களைத் திறக்காமல். இருந்தது. விலகினோம். "முஸ்தபா கடை வந்துடுச்சா? எதிர்ல பள்ளிவாசல் இருக்கும். இங்க ரோடு கொஞ்சம் இறங்கும், முட்டியைப் பார்த்துக்க." இறங்கியது. பேருந்திலும் கால்நடையாகவும் நூறு முறை வந்திருக்கிறேன். அங்கே சாலை இறங்குவது என் முட்டிக்கு அன்றுதான் தெரிந்தது.

"இந்த ஸ்டாப்புல ஆறு நாப்பதுக்கு ஒரு பச்சைச் சட்டை அங்கிள் ஏறுவார். கண் சரியாத் தெரியாது. கை காட்டமாட்டார், நாமதான் பார்த்து நிறுத்தணும். இன்னிக்கு ஞாயிறு, வந்திருக்கமாட்டார்."

பார்த்தேன். நிறுத்தத்தின் இருக்கை காலியாக இருந்தது.

"இப்ப ஒரு பள்ளம் வரும். வலது பக்கமா வா."

"பள்ளம் இல்லம்மா. அடைச்சிட்டாங்க. புதுத் தார்."

"எப்ப? போன வாரம் நான் லீவுல இருந்தப்பவா? சொல்லாம கொள்ளாம!" அவருக்கு உண்மையாகவே கோபம் வந்தது. ஓடிக்கொண்டே சிரித்ததில் எனக்கு விலாவில் பிடித்துக்கொண்டது.

ஒரு சிவப்பு வந்தது. நான் சொல்லவில்லை. இன்னொன்று வந்தது. அம்மாவின் கை என் கையை இறுக்கியது. விளக்கின் நிறம் அவருக்குத் தெரிந்துவிட்டதோ என்று பயந்தேன். கால்கள் நிற்கவில்லை. "இப்ப மல்லிகைப்பூ வாசனை வரணும்" என்றார். ஓர் எட்டு, இரண்டு எட்டு. வந்தது. வீரமாகாளியம்மன் கோயில் பக்கம் பூக்கடைக்காரர் ஒருவர் கூடையைப் பிரித்துக்கொண்டிருந்தார். கண்ணை மூடிக்கொண்டு ஓடுகிற பெண்ணையும் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிற என்னையும் பார்த்து எழுந்து நின்றுவிட்டார்.

நான் அழுதது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. என் ஊரை யாரோ எனக்கு ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டுவதுபோல இருந்தது. பக்கத்தைப் பார்க்காமல், மனப்பாடமாக. எந்தப் பாலத்தின் பெயரும் தெரியாத ஒருவர், ஒரு சாலை முழுவதையும் பாதத்தில் வைத்திருந்தார். அதன் மூடிகள், சரிவுகள், வாசனைகள், கை காட்டாத மனிதர்கள். நான் இருபது ஆண்டுகளாக இந்த அம்மாவின் பக்கத்து அறையில் படுத்துக்கொண்டு வேறெங்கோ அதிசயம் தேடியிருக்கிறேன்.

"கூட்டம் கேக்குது" என்றார் அம்மா. "தேக்காவா?"

"தேக்காதான்."

"பஸ் எங்க?"

உறுமல் மறுபடி நெருங்கியிருந்தது. கடைசி இருநூறு மீட்டர். அம்மா வேகத்தைக் கூட்டினார். இப்போது அவர்தான் என்னை இழுத்தார். கடிகாரத்தில் எண்பத்தொன்பது நிமிடமும் சில நொடிகளும் இருக்கும்போது எங்கள் கால்கள் முடிவுக்கோட்டின் ரப்பர் விரிப்பில் பட்டன.

"திறக்கலாமா?"

"திறங்க."

அம்மா கண்களைத் திறந்து, வெளிச்சத்துக்குக் கூசி, சுற்றிப் பார்த்தார். யாரோ கழுத்தில் பதக்கத்தை மாட்டினார்கள். அதைக் குனிந்துகூடப் பார்க்காமல் கூட்டத்தில் முகங்களைத் தேடினார். யாரைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரியும். மங்களம் அங்கே இல்லை. இந்த ஆண்டு ஓட வந்தாரா என்றும் தெரியவில்லை.

பேருந்து வந்து நின்றது. கதவு பெருமூச்சோடு திறந்தது. உள்ளே ஒன்பது பேர் இருந்தார்கள். முதலில் இறங்கவேண்டிய மனிதர் படியில் தயங்கி நின்றார். எண் அட்டையைக் கையில் கசக்கி வைத்திருந்தார். கீழே கைதட்டிக்கொண்டிருந்தவர்கள் தட்டுவதை நிறுத்திவிட்டு வேறு பக்கம் பார்த்தார்கள்.

அம்மா போய் அந்தக் கதவருகே நின்றார். படியில் கால் வைக்கவில்லை. சாலையில் நின்றபடி கையை நீட்டினார். அந்த மனிதர் அதைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அடுத்து ஒரு பெண். அடுத்து, லாவெண்டர் ஸ்திரீட் சிவப்பில் எங்களோடு நின்ற அங்கிள். "நீங்களா?" என்றார் அவர். "நீங்க நின்னு நின்னு வந்தீங்களே!" அம்மா அவருக்கும் கை கொடுத்தார். ஒன்பது பேருக்கும் கொடுத்தார். வியர்வையில் நனைந்த கையை நீட்டிக்கொண்டே இருந்தார்.

எல்லோரும் இறங்கியபின், கிச்சனர் சாலையில் பேருந்து நின்றதை அம்மாவிடம் சொன்னேன். ஹுசைன் ஜன்னலிலிருந்து தலையை நீட்டினார்.

"அக்கா, முன்சீட்டு காலியாவே வந்துடுச்சு."

"கிச்சனர் ரோட்டுல நின்னியாமே. நிவி சொல்றா."

"சிவப்புக்கா" என்றார் ஹுசைன். முகத்தில் எதுவும் தெரியவில்லை. "ரூல்ஸ்."

அம்மா அவரைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு குனிந்து தன் வலது காலணியின் நாடாவை அவிழ்த்து, பாதத்தை வெளியே எடுத்து, தார்ச்சாலையின் மேல் வெறுங்காலாக வைத்தார். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. பத்தொன்பது ஆண்டுகளாகப் பெடல் வழியாகவே அந்தப் பாதம் தொட்ட சாலை அது. அவர் காலை எடுக்கவில்லை.